கொசுப்பொறியின் கணக்கு கடியின் கணக்காகுமா?

ஈசூன் கதிர்:
சிங்கப்பூரில் கொசுப்பொறிகளின் கணக்கை வைத்து வெளியிடப்படும், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு மிகுந்த பகுதிகளின் பட்டியலில் எங்கள் வட்டாரம் இல்லை, ஆகவே டெங்கிக்கு அஞ்ச வேண்டாம் என்று புளோக்கில் பலர் பேசிக்கொள்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. 2017 முதல் தேசிய சுற்றுப்புற வாரியம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்குகளில் பரவலாக வைத்துவரும் பொறிகள் முட்டையிட வரும் பெண் கொசுக்களைப் பிடிக்கின்றன. அவை அதற்கு முன்பே யாரையோ கடித்துவிட்டவை. எத்தனை பேரைக் கடித்தன என்பது பொறியில் தெரியாது. நோயாளியிடமிருந்து கிருமியைப் பெற ஒரு கடியும், ஏறத்தாழ 8 முதல் 12 நாள் கழித்து அதை இன்னொருவருக்குக் கொடுக்க மற்றொரு கடியும் வேண்டும் என்பதால், கொசுக்களின் எண்ணிக்கை மாறாமல் அவை மனிதரைக் கடிப்பது மட்டும் இருமடங்கானால், பரவும் ஆபத்து நான்கு மடங்காகிறது.

பிடோக் மலர்:
கணக்கு சரிதான், ஐயா. கடியை எப்படி எண்ணுவீர்கள்? ஒருவரைக் காலைக் காட்டி உட்கார வைத்து, வந்தமரும் கொசுக்களை உறிஞ்சுகுழாயால் பிடிக்கும் பழைய முறையை டெங்கி பரவும் ஊரில் எப்படி அனுமதிப்பது? மலேரியாவுக்காவது முன்கூட்டியே மாத்திரை உண்டு, டெங்கிக்கு இல்லை.

ஈசூன் கதிர்:
காலைக் காட்ட வேண்டியதில்லை. கடிக்கும் கொசு தன் உமிழ்நீரைத் தோலுக்குள் செலுத்துகிறது. அதன் புரதங்களுக்கு நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை, வடிதாளில் உலர்த்திய ஒரு துளி இரத்தத்தில் அளக்கலாம். கடி குறைந்தால் அந்த அளவும் சில வாரங்களில் இறங்குவதால், அது அண்மைக் கடிகளைக் காட்டும். 2020இல் 35,000க்கும் மேற்பட்டோரை டெங்கி தாக்கியது. ஏடிஸ் பகலில் கடிப்பது. நாமோ அப்போது பகல் முழுவதும் வீட்டிலிருந்தோம். என் மகள் காய்ச்சலில் படுத்ததும் அந்த ஆண்டில்தான்.

பிடோக் மலர்:
மகள் நலமாக இருப்பார் என நம்புகிறேன். ஆனால் நெடுங்காலம் இங்கே மேலோங்காதிருந்த மூன்றாம் வகை டெங்கிக் கிருமி அதே ஆண்டில் பரவியது. பலருக்கு அதற்கு எதிர்ப்பாற்றல் இல்லை. 1960களின் நடுவில் ஏறக்குறைய பாதி வீடுகளில் ஏடிஸ் இருந்தது. 1980களில் அது 2 விழுக்காட்டளவுக்குச் சுருங்கிய பிறகும் டெங்கி திரும்பியது. எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே சில கொசுக்களே போதும். தவிர, எதிர்ப்பொருளின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். எங்கே கடிபட்டோம் என்பதையும் அது சொல்லாது.

ஈசூன் கதிர்:
வீட்டுக்கு வெளியே கடிபட்டிருக்கலாம் என்பதும், வீடுகளில் ஏடிஸ் குறைந்த பிறகும் டெங்கி திரும்பியதற்குச் சொல்லப்பட்ட ஒரு விளக்கமே. ஒரே புளோக்கில் பகலில் வீட்டிலிருக்கும் மூத்தோரிடமும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளிடமும் தனித்தனியே, மாதந்தோறும் அதே ஆட்களிடம் அளந்தால், கடி எங்கே நிகழ்கிறது என்பதற்குத் தடயம் கிடைக்கும். பொறியை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதே புளோக்கில் இதையும் செய்யுங்கள் என்கிறேன்.