எந்தப் பிரதி யாரிடம் இருக்கிறது? – அனுப்பிவிட்டுத் தொலைத்தவர்களின் அனுபவங்கள்

வைகைக்கரை:
போன ஜனவரி, சென்னைப் புத்தகக் காட்சி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நாவலை அனுப்பிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அரங்கில் நின்ற பதிப்பாளரிடம் தயங்கித் தயங்கிப் பெயரைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "வாருங்கள் சார், நேற்றுதான் படித்து முடித்தேன். அந்த லாரி டிரைவர் சாகிற இடம் இருக்கிறதே..." என்றார்.

என் நாவலில் லாரி டிரைவரே கிடையாது. "வேறு யாருடையதோ போலிருக்கிறது, சார்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "அப்படியா? மன்னிக்கவும், நிறைய வருகின்றன" என்று பில் போடத் திரும்பிவிட்டார்.

மதுரைக்கு ரயில் ஏறிய பிறகுதான் உறைத்தது. முதல் வரைவில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். மூன்றாவது வரைவில் நானே அவரை வெட்டி எறிந்திருந்தேன். எந்த வரைவை யாருக்கு அனுப்பினேன் என்று எங்கும் குறித்து வைக்கவில்லை. என்னைப் பாராட்டிய ஒரே பதிப்பாளரிடம், அது என் நாவல் இல்லை என்று நானே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இருமொழியாள்:
எனக்கு நடந்தது நேரெதிர். மலையாளத்திலிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பை மொழிபெயர்த்து ஓரிடத்துக்கு அனுப்பினேன். எட்டு மாதம் சத்தமே இல்லை. வேண்டாம் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டி, இன்னோர் இடத்துக்கு அனுப்பினேன். முதலாமவருக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

இரண்டாமவர் ஒப்பந்தம் அனுப்பிய அதே வாரம் முதலாமவர் தொலைபேசியில் வந்தார். "அட்டைப்படம் தயாராகிவிட்டது அம்மா, பார்க்கிறீர்களா?" அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி அம்மா, நல்லபடியாக வரட்டும்" என்று வைத்துவிட்டார். அட்டை வரைந்தவருக்குக் கூலி கொடுத்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கணக்கன்:
வைகைக்கரை, தவறு முழுக்க உங்களுடையது. பதிப்பாளர் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார். 'இறுதி', 'இறுதி2', 'உண்மையான இறுதி' என்று கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்தானே நீங்கள்?

நானும் ஒருமுறை ஒரே கவிதைத் தொகுப்பை ஒரே இடத்துக்கு இரண்டு தடவை அனுப்பியவன். அதை விடுங்கள். இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். எக்செல்லில் ஒரு தாள். அனுப்பிய நாள், வரைவு எண், பக்கம், மின்னஞ்சலா அச்சுப் பிரதியா, யார் கையில் சேர்ந்தது, அடுத்து எப்போது கேட்பது. அனுப்பிய கோப்பையே தனி உறையில் போட்டுப் பூட்டிவிடுவேன், அதில் ஒரு கமாவைக்கூடத் தொடுவதில்லை. எழுத்துருவையும் குறியுங்கள். பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். படிக்கவே முடியாத கோப்புக்குப் பதில் எதிர்பார்த்து ஒரு வருடம் உட்கார்ந்திருந்த நண்பர் எனக்கு உண்டு. நவம்பரிலிருந்து ஜனவரி முடியும்வரை யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள், புத்தகக் காட்சிக்கு அச்சகத்தில் தவம் கிடப்பார்கள். பிப்ரவரி கடைசியில் கேளுங்கள். மூன்று வரி போதும்.

இருமொழியாள் அக்கா, ஆறு மாதம் பார்த்துவிட்டு "இந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால் வேறிடத்தில் கொடுக்கிறேன்" என்று எழுதியிருந்தால் அந்த மின்விசிறிச் சத்தம் கேட்டிருக்காது. ஒப்பந்தம் வந்தாலும் அதே தாளில் ஏற்றுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவு: உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் பொருள். அந்த ஐந்தாவது ஆண்டு எப்போது முடிகிறது என்று உங்களில் எத்தனை பேர் குறித்து வைத்திருக்கிறீர்கள்?

இருமொழியாள்:
தம்பி, எட்டு மாதம் வாய் திறக்காதவருக்கு நான் கெடு வைத்துக் கடிதம் எழுதியிருக்க வேண்டுமாம். உங்கள் தாளில் அவர் சுபாவத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறதா?

கார்பன்தாள்:
நாங்கள் எழுதிய காலத்தில் எக்செல் தாள் ஏது, கோப்பு ஏது. கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுப்போம். மேல் பிரதியோடு, போதிய தபால் தலை ஒட்டிய சுயவிலாச உறை. பதிவுத் தபால், கூடவே ஒப்புகை அட்டை. அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் நம்பினேன்.

1991இல் ஒரு சிறுபத்திரிகைக்குக் குறுநாவல் அனுப்பினேன். நாலாம் நாளே அட்டை வந்தது, அழகான கையெழுத்து. இரண்டு வருடம் கழித்துச் சென்னை போனபோது அந்த முகவரிக்கே போய்விட்டேன். அங்கே தையல் கடை. பத்திரிகை எப்போதோ இடம் மாறிவிட்டதாம். "தபால்காரர் கொடுப்பார், நான் போட்டுக் கொடுப்பேன்" என்றார் தையல்காரர். கையெழுத்து அவருடையது! மிஷினுக்கு அடியிலிருந்து ஒரு கட்டை இழுத்துத் தூசி தட்டினார். ஆறு உறைகள். யாராவது வந்து கேட்பார்கள் என்று பத்திரமாக வைத்திருந்தாராம். என்னுடையதை எடுத்துக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மற்ற ஐந்து உறைகளிலும் அனுப்புநர் முகவரி இருந்தது. ஐந்து கார்டு போட்டிருக்கலாம். என்னுடையது கிடைத்த மகிழ்ச்சியில் அது தோன்றவேயில்லை. அவர்கள் கையில் அட்டை போயிருக்கும். காத்திருந்திருப்பார்கள்.

இப்போது பதிவுத் தபாலையே விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். எண்ணைத் தட்டினால் 'சேர்ப்பிக்கப்பட்டது' என்று வருகிறது. யாரிடம் என்று தெரியாமல் என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

வைகைக்கரை:
ஐயா, அந்தத் தையல்காரர் அளவுக்குக்கூட நான் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை.

கணக்கன், உங்கள் பேச்சு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் நேற்றிரவு தாள் போட்டேன். முதல் வரிசையிலேயே 'வரைவு எண்' என்ற கட்டத்தில் கேள்விக்குறிதான் போட முடிந்தது. பிறகு அந்தப் பதிப்பாளருக்கு மூன்று வரிக்குப் பதில் நான்கு வரி எழுதினேன். நான்காவது வரி: "அந்த லாரி டிரைவர் என்னுடையவர்தான், சார்."

அவரை மறுபடி நாவலுக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.