இரட்டை ரிஜிஸ்டருக்கு 10,000 ரூபாய் அபராதம் போதுமா?

செக்கிங்மேசை: ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. பதிவேட்டை ஒழுங்காக வைக்காத முதலாளிக்கு அதில் அபராதம் 10,000 ரூபாய் வரைதான். திருப்பூரில் நான் இருந்த பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை ஆகும், ஒன்றரை ஷிப்ட். ஆடிட்டுக்குக் காட்டிய ரிஜிஸ்டரிலோ எல்லோரும் தினமும் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போயிருந்தோம்! ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் வர வேண்டும். வந்தது சாதா ரேட். இதற்கு ஜெயில் வேண்டாமா?

ஜாப்வொர்க்சிவா: என்னிடம் இருப்பது 22 மெஷின். ரிஜிஸ்டர் எழுத வாரம் ஒருநாள் ஆள் வருகிறார். ஒரு தேதி மாறினாலும் நான் உள்ளே போகணுமா?

செக்கிங்மேசை: தேதி மாறுவது வேறு, இரண்டு நோட்டு போடுவது வேறு அண்ணா.

பழையஹெச்ஆர்: இரண்டாவது நோட்டு எழுதினவன் நான், அதனால் சொல்கிறேன். ஜெயில் ஏற்கெனவே இருக்கிறது. மோசடி எண்ணத்தோடு கணக்கைத் திருத்தினால் இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 344-ஆம் பிரிவில் 7 வருடம் வரை, பழைய இ.பி.கோ.வில் அது 477ஏ. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது குமாஸ்தா, அதிகாரி, ஊழியர் பற்றி. முதலாளி வாயால் சொன்னது எந்தத் தாளிலும் இல்லை, கையெழுத்து என்னுடையது. அவருக்கு வலிக்கும் இடம் வேறு. பாக்கி கேட்டு மனு போட்டால், கொடுத்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும். பாக்கி போக, பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம்.

ஜாப்வொர்க்சிவா: கையெழுத்து வாங்கித்தானே சம்பளம் கொடுக்கிறோம்?

செக்கிங்மேசை: தொகை எழுதாத சீட்டில் வாங்கின கையெழுத்து! மனு போட்டால் சனிக்கிழமை சம்பளக் கவரோடு கணக்கை முடித்து வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் பக்கத்துக் கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள். யார் போடுவார்?

பழையஹெச்ஆர்: அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் 3 வருட அவகாசம் இருக்கிறது, வேலையை விட்ட பிறகும் போடலாம். நேரம் ஏதாவது குறித்து வைத்தீர்களா அக்கா?

செக்கிங்மேசை: கிழித்த காலண்டர் தாளின் பின்னால், தினமும் எத்தனை மணிக்கு வெளியே வந்தேன் என்று. ரப்பர் பேண்ட் போட்டு அரிசி டப்பா மேல் கிடக்கிறது.

ஜாப்வொர்க்சிவா: சரி, ரிஜிஸ்டரை விட்டுவிட்டுக் காலண்டர் தாளையா நம்புவார்கள்?

பழையஹெச்ஆர்: நான் எழுதின ரிஜிஸ்டரில் மொத்தக் கம்பெனியும் வருடம் முழுக்க சரியாக 5.30-க்கு வெளியே போகிறது சிவா. ஒரு நாள்கூட 5.31 இல்லை.