1997: சோரோஸ் மேல் மட்டும் பழியைப் போடலாமா?

கிள்ளான் முத்து

நேற்று வேறொரு இழையில் ஒருவர், "1997 ஆசிய நெருக்கடிக்கு ஊக வணிகர்களைத் திட்டுவது சோம்பேறித்தனம், சந்தை தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், அதனால் தனி இழை.

சந்தை செய்த வேலை இதுதான். 1997 நடுவில் மலேசியாவில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு. 1998 ஜனவரியில் 4 வெள்ளி 88 காசு வரை போனது. தாய்லாந்தில் 25 பாட்டாக இருந்த டாலர் 56 பாட் ஆனது. இந்தோனேசியாவில் 2,400 ரூப்பியாவாக இருந்தது ஒரு கட்டத்தில் 16,000-ஐத் தாண்டியது. இந்த நாடுகளில் பூகம்பம் வந்ததா, போர் வந்ததா? தொழிற்சாலைகள் அதே இடத்தில்தான் நின்றன, எண்ணெய்ப்பனை காய்த்துக்கொண்டுதான் இருந்தது, காலையில் வேலைக்குப் போனவர்களும் அதே ஆட்கள்தான். ஆனாலும் ஓராண்டுக்குள் ஒரு மனிதனின் உழைப்புக்கு உலகச் சந்தையில் இருந்த மதிப்பு ஏறக்குறைய பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போனது.

அமெரிக்க நிதி முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸ் போன்ற ஊக வணிகர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இளையவர்கள் பலருக்குத் தெரியாது. டாலர் 25 பாட்டாக இருக்கும்போது 100 கோடி பாட் கடன் வாங்குகிறார்கள். அதை உடனே விற்று 4 கோடி டாலராக மாற்றிக்கொள்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து இதையே செய்யும்போது பாட் சரிகிறது. டாலர் 50 பாட் ஆனதும் 2 கோடி டாலரை வைத்து அந்த 100 கோடி பாட்டையும் திருப்பிக் கொடுத்துவிடலாம். மீதி 2 கோடி டாலர் லாபம். ஒரு ஆணிகூடத் தயாரிக்காமல் வந்த லாபம்.

என் அப்பா கட்டுமான நிறுவனம் ஒன்றில் லோரி ஓட்டினார். வேலை போனது, பாக்கிச் சம்பளமும் வரவில்லை. நாங்கள் முன்பணம் கட்டிய வீடு கூரை போடாமல் பாதியில் நின்றது. வங்கிக் கடன் மட்டும் நிற்கவில்லை. 1998 என்ற ஓர் ஆண்டில் மலேசியாவில் பதிவான ஆட்குறைப்பு மட்டும் 80,000-க்கு மேல். பதிவாகாதவர்களை யார் எண்ணினார்கள்?

1997 செப்டம்பரில் ஹாங்காங்கில் அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர், வணிகத்துக்குத் தேவையானதைத் தாண்டிய நாணய வியாபாரம் தேவையற்றது, பயனற்றது, நெறியற்றது என்று சொன்னார். அதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்ற மாட்டேன்.

சந்தைநேசன்

அதை எழுதியவன் நான்தான் முத்து அண்ணே. சிங்கப்பூரில் அந்நியச் செலாவணிப் பிரிவில்தான் எனக்கு வேலை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்கு எந்த வாதமும் இல்லை. என் வாதம் வேறு.

நீங்கள் சொன்ன கணக்கில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. 25 பாட் என்ற விலையைச் சந்தை வைக்கவில்லை, அரசு வைத்தது. 1993-இல் பாங்காக்கில் வெளிநாட்டுக் கடனுக்கு ஒரு வாசல் திறந்தார்கள். டாலரில் குறைந்த வட்டிக்கு வாங்கி, பாட்டில் அதிக வட்டிக்கு உள்ளூரில் கொடுக்கலாம், விலைதான் கட்டிவைக்கப்பட்டிருக்கிறதே என்ற தைரியம். அந்தப் பணம் எங்கே போனது? ஆள் வராத அடுக்குமாடிகள், அலுவலகக் கட்டடங்கள், பங்குச்சந்தை. ஏற்றுமதி 1996-லேயே படுத்துவிட்டது. அப்புறம் தாய்லாந்து மத்திய வங்கி பாட்டைக் காப்பாற்ற, பின்னொரு தேதியில் டாலர் தருகிறேன் என்ற முன்பேர ஒப்பந்தங்களில் 23 பில்லியன் டாலருக்கு மேல் கட்டிவிட்டு, கையிருப்பு 30 பில்லியனுக்கு மேல் பத்திரமாக இருப்பதாக வெளியில் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தது. உண்மையில் எடுத்துச் செலவழிக்கக் கூடியது 3 பில்லியன்கூட இல்லை. 1997 ஜூலை 2-ஆம் தேதி, பாட்டைக் கட்டிவைத்திருந்த கையை விட்டார்கள்.

கரை முழுக்க அரித்துப்போன குளம் அது. உடைந்த நாளில் பெய்த மழையை மட்டும் குற்றவாளி ஆக்குகிறீர்கள்.

இன்னொன்று. நாணய ஊக வணிகம் நெறியற்றது என்று சொன்ன அதே மலேசியாவின் மத்திய வங்கி பேங்க் நெகாரா, 1992 முதல் 1994 வரை அதே சந்தையில் அதே ஆட்டத்தை ஆடியது. பிரிட்டிஷ் பவுண்டு விழாது என்று பந்தயம் கட்டித் தோற்றது. 2017-இல் அரச விசாரணை ஆணையம் கணக்குப் பார்த்தபோது மொத்த இழப்பு 31.5 பில்லியன் ரிங்கிட். அதுவும் மக்கள் பணம்தானே? சோரோஸ் ஜெயித்தால் பாவம், நம் மத்திய வங்கி ஆடினால் மட்டும் நாட்டுப்பற்றா? மகாதீரே 2006 டிசம்பரில் கோலாலம்பூரில் சோரோஸைச் சந்தித்து, நெருக்கடிக்கு அவர் காரணமில்லை என்பதை ஏற்றுக்கொண்டார்.

தேன்மொழி, ஈப்போ

இருவரும் பேசுவதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் விழுந்த பிறகு நடந்ததைத்தான் பேசுகிறீர்கள். ஏறும்போது யாரை மிதித்து ஏறினார்கள் என்பது இரண்டு பேர் எழுத்திலும் இல்லை.

1993-இலும் மறுபடி 1996-இலும் இந்த நாடு இருந்த நிலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோப்பிக்கடையில் உட்கார்ந்தால் எந்தக் கவுண்டர் (பங்கு) ஏறும், எந்த ரெமிசியர் (பங்குத் தரகர்) கடன் தருவார் என்பதுதான் பேச்சு. ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், சின்னக் கடை வைத்திருந்தவர்கள், யாரும் விதிவிலக்கில்லை. அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று கேட்டால் தெரியாது, "ஏறுது, வாங்கு" என்பார்கள். கோலாலம்பூர் பங்குக் குறியீடு 1997 பிப்ரவரியில் 1,271. 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி 262. ஐந்தில் நான்கு பங்கு ஆவியாகிவிட்டது. சேமித்த பணத்தில் வாங்கியவன் சேமிப்பை இழந்தான், கடனில் வாங்கியவன், கந்துவட்டிக்காரனான ஆலோங் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தான். உள்நாட்டில் வங்கிகள் கொடுத்திருந்த கடன் அப்போது ஓராண்டு உற்பத்தியைப் போல் ஒன்றரை மடங்கு. அதைச் சோரோஸ் வந்து நம் கையில் திணிக்கவில்லை.

அதைவிட முக்கியமானது நிலம். அந்த ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாக விற்றார்கள். பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் நின்ற இடத்தில் தாமானும் (வீடமைப்புப் பகுதி) கோல்ஃப் மைதானமும் வந்தன. தலைமுறை தலைமுறையாக அங்கே பால் வெட்டியவர்களுக்கு லயத்து வீடும் போனது, வேலையும் போனது, கோயிலையும் பள்ளியையும் காப்பாற்றத் தனியாகப் போராட வேண்டியிருந்தது. நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா இன்று நிற்பது பேராங் பெசார் தோட்டம் இருந்த மண்ணில். அங்கிருந்த நம் ஜனங்களை டிங்கிலில் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். நெருக்கடி வருவதற்கு முன்னாலேயே இவர்களுக்கு நெருக்கடி வந்துவிட்டது. அப்போது குறியீடு ஏறிக்கொண்டிருந்ததால் யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை.

முத்து தம்பி, பேராசை வெளியிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியது என்று நீங்கள் எழுதும்போது, நிலத்தை விற்றவர்கள் தப்பித்துப் போகிறார்கள். அதுதான் எனக்குக் கோபம்.

கிள்ளான் முத்து

அக்கா, நிலத்தை விற்றவர்களை நான் எங்கேயும் காப்பாற்றவில்லை. ஆனால் உள்ளூர்ப் பேராசை இருந்தது என்பதால் வெளியிலிருந்து அடித்தவன் நல்லவனாகிவிட மாட்டான்.

நேசன், நீங்கள் அரித்த கரை என்கிறீர்கள். சரி, மலேசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே நிறுவனங்கள் இஷ்டத்துக்கு வெளிநாட்டுக் கடன் வாங்க பேங்க் நெகாரா விடவில்லை. குறுகிய காலக் கடன் தாய்லாந்து, கொரியா அளவுக்கு இல்லை. ஆனாலும் அதே அடி விழுந்தது. பாங்காக்கில் பயந்த பணம் கோலாலம்பூரிலும் ஓடியது, ஜகார்த்தாவிலும் ஓடியது, சியோலிலும் ஓடியது. இதில் எந்தக் குறையைச் சந்தை கண்டுபிடித்தது? பக்கத்து நாட்டுக்காரன் என்பதைத் தவிர?

இந்தோனேசியாவைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். 1997 நவம்பர் 1-ஆம் தேதி பன்னாட்டு நாணய நிதியமான ஐ.எம்.எஃப்.பின் திட்டத்தின்படி 16 வங்கிகளை ஒரே நாளில் மூடினார்கள். வைப்புத்தொகை முழுமைக்கும் உத்தரவாதம் இல்லை. மற்ற வங்கிகளிலும் ஜனங்கள் போய் நின்றார்கள். 1998 ஜனவரியில் அதிபர் சுகார்த்தோ ஐ.எம்.எஃப். ஒப்பந்தத்தில் குனிந்து கையெழுத்துப் போட, ஐ.எம்.எஃப். தலைவர் காம்தெசு கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்ற அந்தப் படத்தை இன்றும் அங்கே மறக்கவில்லை. மே 4-ஆம் தேதி எரிபொருள் விலையை ஏற்றினார்கள், பெட்ரோல் ஏறக்குறைய 70 விழுக்காடு. மேடானில் தொடங்கிய கலவரம் மே நடுவில் ஜகார்த்தாவுக்கு வந்தது. 1,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலோர் எரிந்த கடைவளாகங்களுக்குள் மாட்டிக்கொண்ட ஏழைகள். சீன வம்சாவளிப் பெண்களுக்கு நடந்த கொடுமையை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. நாணயத்தை விற்றவனின் திரையில் அது ஒரு கோடு, கீழே இறங்கும் கோடு.

சந்தைநேசன்

ஜகார்த்தா பற்றி நீங்கள் எழுதியதில் ஒன்றையும் மறுக்கவில்லை. அந்த 16 வங்கிகளை மூடிய விதம் பெரிய தவறு என்று ஐ.எம்.எஃப்.பின் சொந்த மதிப்பீட்டிலேயே பின்னாளில் விமர்சனம் வந்தது. வட்டியை ஏற்று, செலவைக் குறை என்று நோயாளிக்கு மேலும் பட்டினி போட்டார்கள். ஆனால் அது அதிகாரிகளின் முடிவு. அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குடும்பமும் அதன் நண்பர்களும் வங்கிகளைத் தங்கள் கல்லாப்பெட்டியாக வைத்திருந்தார்களே, சீனர்கள் மேல் வெறுப்பை வளர்த்தார்களே, அதையும் நாணய வியாபாரி செய்தான் என்பீர்களா?

ஊக வணிகன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். பொய்யான விலை இன்னும் இரண்டு ஆண்டு ஓடும், கடன் இன்னும் இரண்டு மடங்காகும், அப்புறம் விழும். உயரம் கூடினால் அடியும் கூடும்.

மலேசியா 1998 செப்டம்பர் 1-இல் மூலதனக் கட்டுப்பாடு போட்டு, மறுநாள் டாலரை 3.80-இல் கட்டி, பங்குச்சந்தைக்கு வந்த வெளிநாட்டுப் பணம் 12 மாதம் வெளியே போகக் கூடாது என்று அறிவித்ததைத்தான் அடுத்து எடுப்பீர்கள். 1999-இல் மலேசியா 6 விழுக்காடு வளர்ந்தது, உண்மை. அப்படி எந்தக் கதவையும் மூடாத கொரியா அதே ஆண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது.

இளங்கோ, ஷா ஆலாம்

நான் அப்போது பிறக்கவே இல்லை. வங்கியியல் படிக்கிறேன், அதனால் கேட்கிறேன். கொரியா வளர்ந்தது என்று நேசன் அண்ணன் ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? 1998-இல் வேலையின்மை ஒரே ஆண்டில் 3 விழுக்காட்டுக்குக் கீழிருந்து 7 விழுக்காட்டுக்குப் போனது. தற்கொலைகள் கூடின. நாட்டின் வெளிநாட்டுக் கடனை அடைக்க சுமார் 3.5 மில்லியன் பேர் வரிசையில் நின்று கல்யாண மோதிரத்தையும் குழந்தையின் பிறந்தநாள் மோதிரத்தையும் கொடுத்தார்கள், 227 டன் தங்கம் சேர்ந்தது. அந்தக் கடனை வாங்கியது பெரிய நிறுவனங்கள். மோதிரம் கழற்றியது யார்?

இன்னொன்று. அதே 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் எல்.டி.சி.எம். என்ற ஊக நிதி ரஷ்ய நெருக்கடியில் மாட்டி விழும் நிலைக்கு வந்தது. அதன் பங்குதாரர்களில் இருவர் முந்தைய ஆண்டுதான் பொருளாதார நோபல் வாங்கியவர்கள். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிகளைக் கூட்டி உட்காரவைத்தது, 14 நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 3.6 பில்லியன் டாலர் போட்டுத் தூக்கி நிறுத்தின. அரசுப் பணம் இல்லை, தனியார் பணம்தான், தெரியும். ஆனால் ஜகார்த்தாவில் மூடு, சியோலில் மூடு, பாங்காக்கில் 56 நிதி நிறுவனங்களை மூடு என்று சொன்ன அதே காலத்தில் இது நடந்தது. சந்தை தீர்ப்புச் சொல்கிறது என்றால் அந்தத் தீர்ப்பு அங்கே ஏன் நிறைவேற்றப்படவில்லை? இதற்கு நேரடியாகப் பதில் வேண்டும்.

சந்தைநேசன்

நேரடிப் பதில்: எல்.டி.சி.எம். விழுந்திருக்க வேண்டும். அதன் முதலீட்டாளர்கள் பெரும்பகுதியை இழந்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கூட்டம் கூடியிருக்கக் கூடாது. பெரியவனாக இருந்தால் காப்பாற்றுவார்கள் என்ற பாடத்தை அங்கேதான் கற்றுக்கொடுத்தார்கள், பத்து ஆண்டில் 2008 வந்தது. ஊக வணிகம் சரி என்று நான் சொல்வதற்கு ஒரே நிபந்தனை, தோற்றவன் தன் பணத்தில் தோற்க வேண்டும். அதை மீறினால் அது எனக்கும் திருட்டுதான்.

தேன்மொழி, ஈப்போ

அந்த நிபந்தனையை இங்கேயே வைத்துப் பாருங்கள் நேசன். 1997 நவம்பரில் யு.இ.எம். நிறுவனம் கடனில் மூழ்கிய தன் தாய் நிறுவனமான ரெனோங்கின் 32 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. சிறு பங்குதாரர்களைக் கேட்கவில்லை. சந்தை மூன்று நாளில் 70 பில்லியன் ரிங்கிட்டை இழந்தது. அப்புறம் பிரதமர் மகனின் கப்பல் நிறுவனச் சொத்துகளை, அரசு எண்ணெய் நிறுவனம் பெட்ரோனாஸ் கையில் இருந்த எம்.ஐ.எஸ்.சி. கப்பல் நிறுவனம் வாங்கியது. மூலதனக் கட்டுப்பாடு நாட்டைக் காப்பாற்றியது என்று சிலர் சொல்வதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை, வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியிருந்தபோது அதைக் குறைக்க வழி விட்டது அதுதான். ஆனால் அந்தச் சுவருக்குள் முதலில் காப்பாற்றப்பட்டவர்கள் யார் என்ற பட்டியலில் லோரி ஓட்டுநர் இல்லை.

கிள்ளான் முத்து

இல்லை அக்கா, இருக்கவில்லை. அதை நானும் சொல்கிறேன். ஆனால் நேசனிடம் ஒன்று கேட்கிறேன். தோற்றவன் தன் பணத்தில் தோற்க வேண்டும் என்கிறீர்கள். ஜெயித்தவன் யார் பணத்தில் ஜெயிக்கிறான்? தாய்லாந்து மத்திய வங்கி இழந்தது தாய்லாந்து விவசாயியின் வரிப்பணம். அவன் எந்தப் பந்தயத்திலும் சேரவில்லை. அவன் பெயரில் வேறொருவன் மேசையில் உட்கார்ந்திருக்கிறான், எதிரே உட்கார்ந்தவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் ஆடுகிறான். தடை செய்ய வேண்டாம் என்றால் குறைந்தபட்சம், எந்த நிதி எந்த நாணயத்துக்கு எதிராக எவ்வளவு விற்றிருக்கிறது என்பதை அன்றன்றைக்கு வெளியில் சொல்ல வையுங்கள்.

சந்தைநேசன்

வெளியில் சொல்ல வைப்பதற்கு நான் சம்மதம், மத்திய வங்கியும் தன் முன்பேரக் கணக்கை அதே நாளில் சொல்ல வேண்டும் என்றால். தடைக்குச் சம்மதம் இல்லை. விவசாயியின் பெயரில் உட்கார்ந்தவனை அனுப்பியது எதிரே இருந்தவன் அல்ல, அந்த நாட்டு அரசு. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

தேன்மொழி, ஈப்போ

ஒத்துப்போக வேண்டாம். இளங்கோ தம்பிக்கு மட்டும் ஒன்று, பாடத்தில் வருமா தெரியாது. அந்த 80,000 பேருக்கும் வேலை போன மறுநாள் கை கொடுக்க இந்த நாட்டில் வேலையிழப்புக் காப்பீடு என்று ஒன்று அப்போது இல்லை. ஆட்குறைப்பு இழப்பீட்டை முதலாளி கொடுக்க வேண்டும், முதலாளியே திவாலானால் வழக்குப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. தொழிற்சங்கங்கள் அப்போதே ஒரு நிதி கேட்டன. அந்தக் காப்பீட்டுக்கான சட்டம் 2017-இல் வந்தது, சந்தா 2018 ஜனவரியில்தான் பிடிக்கத் தொடங்கினார்கள். கடனாளி நிறுவனங்களின் வாராக்கடனை வாங்கிக்கொள்ள டானாஹார்த்தா என்ற அரசு நிறுவனம் 1998-லேயே, நெருக்கடி தொடங்கி ஓராண்டுக்குள், அமைக்கப்பட்டுவிட்டது.