புதுப்பிப்பு: பரணில் கிடந்த 1853 என்ஃபீல்ட் துவக்கு

யாழ்ப்பாணத்து வீட்டுப் பரணில் கிடந்த, பூட்டுத் தகட்டில் (சுடும் பொறி பொருத்திய பக்கத் தகடு) கிரீடச் சின்னமும் ‘டவர் 1857’ என்ற பொறிப்பும் கொண்ட பழைய துவக்கு எந்த வகை என்று முன்னர் கேட்டிருந்தேன். இப்போது உறுதி, பிரிட்டிஷ் படையின் 1853 என்ஃபீல்ட்தான்: 39 அங்குலக் குழல், அதைக் கட்டையோடு பிடிக்கும் மூன்று வளையம், உள்ளே குண்டைச் சுழற்றும் மூன்று தவாளிப்பு (சுருள் பள்ளம்). 1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த தவாளிப்பில்லாத வகை அல்ல இது.

இப்படியொன்று கிடைத்தால் முதலில் இடிகம்பியை (மருந்தை இடித்து இறுக்கும் கம்பி) குழலுக்குள் அடிவரை விட்டு, குழல்வாயருகே அடையாளமிட்டு, பிறகு வெளியே குழலோடு வைத்து அளந்து பாருங்கள். கம்பி முனை நிப்பிள் (கப் எனும் சிறு வெடிமூடியை மாட்டும் முளை) வரை எட்டாமல் இரண்டு அங்குலம் குறைந்தால் வெடிமருந்தும் குண்டும் உள்ளேயே இருக்கலாம். தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். இதில் எட்டியது.

நிப்பிளைச் சுற்றிக் கறள் ஆழமாக அரித்திருக்கிறது. கடற்காற்று மட்டுமல்ல, கப் வெடித்தபின் தங்கும் உப்பும் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் விட்டு ஊறவைத்தே நிப்பிளைக் கழற்ற வேண்டும், முறுக்கினால் உடையும். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம், பொறிப்பு போய்விடும்.