வாசலில் விழும் மழை மண்ணுக்குள் போக வேண்டும்: அந்தத் தளத்துக்கு என்ன பெயர்?

கொடுங்கையூரிலிருந்து, செவ்வாய் இரவு

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டிய நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்று என் மேசையில் இருக்கிறது. எங்கள் தெருக்காரர்களுக்காக எழுதுகிறோம். முன்வாசலில் வண்டி ஏற்றி நிறுத்தும் இடத்தைச் சிமென்ட் பூசி மூடாமல், மழைநீர் அப்படியே மண்ணுக்குள் போகும்படி தளம் அமைப்பது எப்படி என்பதே செய்தி. ஆங்கிலத்தில் 'பெர்மியபிள் பேவிங்' என்கிறார்கள். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் எங்கள் தெருவில் பல வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. வாசல்களோ முழுக்கச் சிமென்ட். ஐப்பசி மழையில் அங்கே விழும் நீர் தெருவுக்கும் போக முடியாமல், மண்ணிலும் இறங்க முடியாமல், படியேறி வீட்டுக்குள் வருகிறது.

அகராதிகளைப் பார்த்து 'ஊடுருவத்தக்க தளப்பாவல்' என்று எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எல்லையில் ஊடுருவல் என்று செய்தியில் சொல்வார்களே, அதுவா?" என்று கேட்டார். அப்போதே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். சரளை, நடுவில் புல் வளரும் ஓட்டைக் கல், இடைவெளி விட்டுப் பதிக்கும் பேவர் கல், மணல் சேர்க்காத கான்கிரீட் ஆகிய நான்குக்கும் பொதுவாக ஒரு சொல் தாருங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து, செவ்வாய் இரவு

தம்பி, சொல் நம்மிடமே இருக்கிறது. ஊறுதளம். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்று வள்ளுவர் வாக்கிலேயே நீரும் மணலும் ஊறுதலும் ஒன்றாக வந்துவிட்டன. முப்பது ஆண்டுகள் வகுப்பில் வினைத்தொகைக்கு ஊறுகாயைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னேன். எந்த மாணவனும் மறக்கவில்லை.

ராயபுரத்திலிருந்து, புதன் காலை

ஐயா, வணக்கம். நான் கட்டடப் பொறியாளன். இலக்கணத்தில் தங்களுக்கு எதிர் நிற்கத் துணியமாட்டேன். ஆனால் ஊறுகாயில் ஊறுவது காய். அப்படியானால் ஊறுதளத்தில் ஊறப்போவது தளம். வேலை நேர்மாறானது. தளம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளவே கூடாது, கீழே விட்டுவிட வேண்டும். மணற்கேணியிலும் நீர் கீழிருந்து மேலே வருகிறது. நமக்கு வேண்டியது மேலிருந்து கீழே.

இன்னொன்று. நான்கிலும் நீர் போகும் வழி ஒன்றல்ல. மணல் சேர்க்காத கான்கிரீட்டில் ஜல்லியைச் சிமென்ட் பசை ஒட்டிவைக்கிறது. உள்ளே நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வெற்றிடம். அங்கே பொருளே நீரை விடுகிறது. பேவர் கல்லில் அப்படியில்லை. கல் கெட்டியானது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விட்ட சந்து வழியாகத்தான் நீர் போகும். அந்தச் சந்தில் மணலோ எம்-சாண்டோ போட்டால் எல்லாம் வீண். தூள் இல்லாத கால் அங்குல ஜல்லி போட வேண்டும். அடியில் முக்கால் ஜல்லி, அதற்கும் அடியில் ஒன்றரை ஜல்லி. சிமென்ட் கலவை மேல் பேவர் பதித்துவிட்டு 'தண்ணீர் போகும் கல்' என்று விற்கிறார்கள், அது போகாது. ஆகவே 'நுண்துளைத் தளம்' என்று யாராவது சொன்னால் முன்கூட்டியே மறுக்கிறேன். அது கான்கிரீட்டுக்கு மட்டும்தான் சரி.

என் பரிந்துரை: வடிதளம். சோறு வடிக்கும் வடிதட்டு எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

பெரம்பூரிலிருந்து, புதன் மதியம்

தளம் என்ற சொல்லையே விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கொத்தனாரிடம் 'தளம் போட்டாயிற்றா?' என்றால் கூரையைப் பார்ப்பார். நமக்குப் 'பாவு' இருக்கிறது. கோயில் பிராகாரத்தில் கல் பாவியிருக்கிறார்கள். நாற்றங்காலில் விதை பாவுகிறோம். பாவுதல் என்றால் பரப்புதல். பேவர் என்பதும் இதிலிருந்தே போயிருக்கும் என்று நெடுநாளாக நம்புகிறேன்.

அதைவிடப் பெரியது ஒன்று. தறியில் நீளவாக்கில் கட்டிய நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடு. ஊடு என்றால் நடுவே புகுந்து செல்வதும்தான். ஊடுபாவு! நீர் ஊடே செல்லும் பாவு. இரண்டே சொற்களில் முழுப் பொருளும் வந்துவிட்டது. திருவொற்றியூர் காலடிப்பேட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 1717 முதல் 1720 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் கோலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. கோலெட் பேட்டையை நம் மக்கள் காலடிப்பேட்டை ஆக்கினார்கள். நெசவின் சொல்லும் அயற்சொல்லைத் தமிழாக்கும் துணிவும் வடசென்னைக்குப் புதியவை அல்ல. பேவரைப் பாவு ஆக்குவதற்கு ஏன் தயங்க வேண்டும்?

ராயபுரத்திலிருந்து, புதன் மாலை

அண்ணா, பேவர் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'பவீரே' என்றால் அடித்து இறுக்குதல், நாம் திமிசு போடுவதுபோல. பரப்புதல் வேறு, இறுக்குதல் வேறு. ஒலி ஒத்திருப்பதால் உறவாகிவிடாது. நீங்கள் சொன்ன காலடிப்பேட்டையும் அதற்குத்தானே சான்று? அந்தப் பெயருக்கும் காலடிக்கும் உறவு எதுவும் இல்லை. மேலும் ஊடுபாவு என்றால் படித்தவர்களுக்கு நெசவுதான் நினைவுக்கு வரும், படிக்காதவர்களுக்கு எதுவும் வராது. ஜல்லிக் கடையில் பாவுகல் என்று கேட்டால் எடுத்துத் தர ஆள் இல்லை. பேவர் பேவராகவே இருக்கட்டும்.

தண்டையார்பேட்டையிலிருந்து, புதன் இரவு

கடைக்காரர் எடுத்துத் தரும் சொல்தான் சொல் என்றால் நாம் ஏன் கூடியிருக்கிறோம்? வடமொழிச் சொல்லையே எழுத்து மாற்றி எடுக்கச் சொன்னவர் தொல்காப்பியர். அப்படியே எடுத்து வைக்கச் சொல்லவில்லை.

வடிதளத்தையும் ஏற்க முடியவில்லை. வடித்த கஞ்சி வெளியே போகிறது, வடிகாலில் வரும் நீரும் வெளியே போகிறது. கால்வாய்க்குத் தள்ளாதே, உன் மண்ணுக்கே கொடு என்றுதானே அந்தத் துண்டறிக்கை சொல்கிறது? ஊறு மேல்நோக்கியது என்ற வாதமும் பாதிதான் உண்மை. தலையில் வைத்த எண்ணெய் ஊறுவது எந்தத் திசையில்?

திருவொற்றியூரிலிருந்து, வியாழன் காலை

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். போன ஆண்டுதான் எங்கள் வாசலைப் பெயர்த்து மாற்றினோம். வேலை செய்த மேஸ்திரி ஒருமுறைகூட வடியும் என்றோ ஊறும் என்றோ சொல்லவில்லை. "இதில் தண்ணீர் இறங்கும், அதில் இறங்காது" என்றார். எனக்கு அன்றே எல்லாம் விளங்கியது. 'நீரிறங்கு தரை' என்று போடுங்கள். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அந்தப் பெயரில் சேகரிப்பு தூய தமிழா என்று எந்த வீட்டிலும் கேட்கவில்லை, தொட்டியைக் கட்டினார்கள்.

சொல்லைவிட முக்கியமான ஒன்றைத் துண்டறிக்கையில் காணவில்லை. கோலம். சரளையில் எங்கே போடுவது? இதற்குப் பதில் இல்லாவிட்டால் வீட்டில் முடிவெடுக்கும் பெண்கள் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். நாங்கள் படிக்கு முன்னால் மூன்றடிக்கு வழவழப்பான கடப்பைக் கல் விட்டோம். மற்ற இடம் முழுவதும் சந்து விட்ட பேவர். சரளை முதலில் போட்டுப் பார்த்ததுதான். கார் திரும்பும்போதெல்லாம் கல் தெருவுக்கு ஓடியது.

ராயபுரத்திலிருந்து, வியாழன் காலை

திருவொற்றியூர் அம்மா சொல்வது சரி. கோலமாவு சந்தில் இறங்கினால் அடைத்துக்கொள்ளவும் செய்யும். நம் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி வேறு. அதனால்தான் வடசென்னை வாசலுக்கு மணலில்லாக் கான்கிரீட்டை நான் சொல்வதில்லை. அதன் துளை அடைத்தால் எளிதில் திறக்காது. பேவர் சந்து அடைத்தால் மேல் ஜல்லியைக் கிளறி எடுத்துப் புதியது போட்டுக்கொள்ளலாம். களிமண் உள்ள வீடுகளில் நீர் மெதுவாகத்தான் போகும். அங்கே அடிஜல்லியை இன்னும் ஆழமாகப் போட்டு, ஓரத்தில் துளையிட்ட குழாய் ஒன்றும் வைக்க வேண்டும். இதைத் துண்டறிக்கையில் சேர்த்துவிடுங்கள். வடிதளத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து, வியாழன் மதியம்

'கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது' என்றால் குறைந்துவிட்டது என்று பொருள். 'இறங்கு' என்றால் காசிமேட்டுக்காரருக்கு இறங்குதுறைதான் முதலில் தோன்றும். நீர் என்ற முன்னொட்டு இருப்பதால் பொறுத்துக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டேன் என்று பதிய வேண்டாம்.

கொடுங்கையூரிலிருந்து, வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. 'நீரிறங்கு தரை' என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் மறுபடியும் படித்துக் காட்டினேன். கேள்வி கேட்காமல் நம் வாசலுக்கு எவ்வளவு ஆகும் என்றார். உள்ளே பேவர், பேவராகவே இருக்கிறது. கோலத்துக்கும் களிமண்ணுக்கும் தனித்தனிப் பத்தி சேர்த்திருக்கிறேன். தண்டையார்பேட்டை ஐயாவின் மறுப்பைக் குழுவின் சொற்பட்டியலில் ஊறுதளத்துக்கு எதிரே குறித்துவைத்திருக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து, வெள்ளி காலை

ஊடுபாவையும் அதே பட்டியலில் சேருங்கள். அடுத்த பதிப்புக்கு முன் லத்தீன் சொல்லை நானே பார்த்துவிட்டு வருகிறேன்.