கொல்லைப்புறத்தில் வாழை வட்டம்

கேள்வி: காய்கறித் தோலும் தேங்காய் நாரும் தினமும் குப்பை வண்டிக்கே போகின்றன. இயற்கையைப் பின்பற்றி, கழிவை மண்ணுக்கே திருப்பும் நிரந்தர வேளாண்மை (பெர்மாகல்ச்சர்) முறையில், கொல்லையில் உள்ள சிறிய இடத்திலேயே இவற்றைப் பயன்படுத்த வழி உண்டா?

மறுமொழி 1: வாழை வட்டம் அமையுங்கள். சுமார் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள குழியைத் தோண்டி, எடுத்த மண்ணை விளிம்பில் வரப்பாகக் குவித்து, அதன்மேல் வாழைக் கன்றுகளையும் இடையிடையே சேம்பையும் நட்டால், குழியில் மக்கும் கழிவின் சத்தை வேர்களே இழுத்துக்கொள்ளும். அரிசி கழுவிய நீரையும் அங்கேயே ஊற்றலாம்.

மறுமொழி 2: ஈரக் கழிவை மட்டும் கொட்டினால் காற்றுப் புகாமல் நாறும். கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறக்குறைய 30:1 என்ற விகிதத்தில் இருப்பது நல்லது என்பதால், ஒவ்வொரு முறையும் மேலே கரிமம் மிகுந்த சருகைப் பரப்புவது மிக அவசியம். நார் மெதுவாகத்தான் மக்கும். அதை அடியில் இடுங்கள்.

கேட்டவர்: மீன் கழிவையும் போடலாமா?

மறுமொழி 1: ஆழமாகப் புதைத்தால் போடலாம், மேலாக விட்டால் நாயும் எலியும் கிளறிவிடும்.