விஜிஏ கேபிளைக் கழற்றும்போது நட்டும் சேர்ந்து வருகிறது

கல்லடிக்காரன்:
மட்டக்களப்பில் ஒரு தனியார் வகுப்பின் கணினி அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். மொனிட்டரைக் கணினியோடு இணைக்கும் விஜிஏ கேபிளின் இருபக்கத் திருகுகளைத் தளர்த்தினால், கணினியின் பின்தகட்டில் இருக்க வேண்டிய அறுகோண நட்டும் திருகோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. தொலைந்த நட்டுகளுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் எம்3 (3 மி.மீ. மெட்ரிக் புரி) வகையைப் போடலாமா? அல்லது திருகாமலே செருகி விட்டுவிடலாமா?

கல்முனைப் பட்டறை:
எம்3 வேண்டாம். விஜிஏ, டிவிஐ, சீரியல் இணைப்பிகளில் வழக்கமாக இருப்பது 4-40 என்ற அங்குலப் புரி. எம்3-இன் புரியிடைவெளி 0.5 மி.மீ., இதனுடையதோ 0.635 மி.மீ. விட்டம் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் முதலில் பிடிப்பதுபோல் தோன்றும், வலிந்து முறுக்கினால் புரி அழிந்துவிடும். பழுதான மதர்போர்டுகளிலிருந்து நட்டுகளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டு தகட்டில் இறுகியிருப்பதைவிடக் கேபிள் திருகு நட்டுக்குள் அதிகமாக இறுகியிருப்பதுதான் காரணம். யாரோ ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கியிருப்பார்கள், அல்லது நம் கடற்காற்றில் துருப்பிடித்திருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சற்றுப் பொறுத்து, நட்டைக் குறட்டால் பிடித்துக்கொண்டு திருகைத் திருப்புங்கள். பிரிந்த நட்டை 5 மி.மீ. ஸ்பானரால் தகட்டில் இறுக்கிய பின், கேபிள் திருகை விரலால் மட்டும் முடுக்குங்கள். அதற்கு அதுவே போதும்.

அக்கரைப்பற்று வாசகர்:
திருகாமல் விடுவதை நான் ஏற்கமாட்டேன். தடித்த கேபிளின் பாரம் இணைப்பியைக் கீழே இழுக்கும். நீல நிறத்துக்கான ஊசி தொடுகை இழந்தால் வெள்ளைத் திரை மஞ்சளாகிவிடும், பிள்ளைகள் மொனிட்டர் பழுது என்பார்கள். நட்டு மறுபடியும் கழன்றால், தகட்டுக்குள் போகும் முனையில் மட்டும் நீல நிறத் திருகுப் பசையைச் சிறிதளவு தடவலாம். சிவப்புப் பசையைத் தொடவே வேண்டாம், சூடாக்காமல் அதைக் கழற்றுவது கடினம்.

கல்லடிக்காரன்:
நன்றி, இருவருக்கும். புரொஜெக்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளில் திருகே இல்லையே, அதை எப்படி நிறுத்துவது?

கல்முனைப் பட்டறை:
வழக்கமான எச்டிஎம்ஐ இணைப்பி உராய்வுப் பிடிப்பில்தான் நிற்கிறது. டிஸ்பிளேபோர்ட் என்ற இன்னொரு வகைத் திரைக் கேபிள்கள் பலவற்றில் கொக்கி உண்டு. கொக்கியை விடுவிக்கும் அழுத்தியை அமுக்காமல் இழுத்தால் இணைப்புத் துளையே பிய்ந்துவிடலாம். உங்கள் கேபிளை, இணைப்பிக்கு அருகில் சிறு வளைவு தளர்வாக விட்டு, புரொஜெக்டரைத் தாங்கும் சட்டத்தில் பிளாஸ்டிக் டையால் கட்டிவிடுங்கள்.